சின்சில்லாவுக்குப் பட்டினி மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்குகிறது. இந்தச் சமயத்தில் சிங்கப்பூரில் நம் வீடுகளில் இரண்டு காரியங்கள் நடக்கும். பிள்ளைகள் நச்சரித்து நச்சரித்து ஒரு சின்ன செல்லப்பிராணியை வாங்க வைத்துவிடுவார்கள். ஏற்கெனவே பிராணி இருக்கும் வீடுகளில் அதைப் பக்கத்து வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்புவார்கள். முயல், கினிப்பன்றி, வெள்ளெலி மாதிரியே சின்சில்லா என்ற புசுபுசு ரோமக் கொறிவிலங்கையும் இங்கே சட்டப்படி வளர்க்கலாம் என்பதால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அதை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. நானும் பல வருடங்களாக வளர்க்கிறேன். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது சந்தேகம் கேட்டு எனக்கு ஃபோன் செய்துகொண்டே இருப்பார்கள். அதில் பாதிக்கு மேல் வயிற்றுக் கோளாறுதான், அதிலும் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நேத்து ராத்திரியிலேர்ந்து எதுவும் சாப்பிடலை, சும்மா மூலையிலே உட்கார்ந்திருக்கு, நாளைக்கு வரைக்கும் பார்க்கலாமா?"

பார்க்கக் கூடாது. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமான கடிதம்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வயிறு சரியில்லை என்றால் ஒருவேளை பட்டினி போடு, தானாகச் சரியாகிவிடும் என்பார்கள். லங்கணம் பரம ஔஷதம் என்று அதற்கு ஒரு வசனமே இருக்கிறது. மனிதருக்கு அது பல சமயம் நல்ல யோசனைதான், நாய்க்குக்கூட மருத்துவர் சில நேரம் அப்படிச் சொல்வதுண்டு. சின்சில்லாவுக்கு அது ஆபத்து. அதன் குடல் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே நார் போய்க்கொண்டே இருந்தால்தான் ஓடும். நார் நின்றால் குடல் மெதுவாகும், மெதுவானால் உள்ளே காற்று சேரும், வலிக்கும், வலித்தால் இன்னும் சாப்பிடாது. இப்படி ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டே போகும். அதோடு, சாப்பிடாமல் இருக்கும் உடம்பு தன் கொழுப்பை எடுத்துச் செலவழிக்கத் தொடங்கும்போது அது ஈரலில் போய்ப் படிந்து ஈரலையும் கெடுத்துவிடும். ஆரோக்கியமான சின்சில்லா 10 முதல் 20 வருடம் வரை வாழக்கூடியது. அப்படிப்பட்ட பிராணி இரண்டு நாள் கவனிக்காமல் விட்டதால் செத்துப்போவது எவ்வளவு அநியாயம்!

இது எங்கிருந்து வந்த பிராணி என்று தெரிந்தால் அதன் வயிறு ஏன் இப்படி என்பது புரியும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர்தான் இதன் சொந்த ஊர். வறண்ட, குளிர்ந்த, பாறை நிறைந்த இடம். அங்கே கிடைப்பது காய்ந்த புல், புதர், மரப்பட்டை. சத்துக் குறைந்த அந்தத் தீனியிலிருந்து கிடைப்பதைப் பிழிந்து எடுப்பதற்காகவே நீளமான குடலும், நுண்ணுயிர்கள் நிறைந்த பெரிய குருட்டுக்குடலும் அதற்கு அமைந்திருக்கின்றன. மாத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் 1923-இல் 11 சின்சில்லாக்களைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார், தோலுக்காகத்தான். இன்று வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவை. நூறு வருடம் கூண்டில் வளர்ந்தும் குடல் மாறவில்லை. அதற்கு இன்னமும் வேண்டியது காய்ந்த புல். நாம் பாசமாக நீட்டுவதோ உலர் திராட்சையும் முந்திரியும்.

சரி, கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது? புழுக்கையைப் பாருங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, தினமும் காலையில் கூண்டின் அடித்தட்டைச் சுத்தம் செய்யும்போது ஒரு நிமிடம் நின்று பார்த்தால் போதும். நல்ல புழுக்கை நீள்வட்டமாக, பருமனாக, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். விரலால் உருட்டினால் கையில் ஒட்டாது, நாற்றமும் கிடையாது. இரண்டாக உடைத்தால் உள்ளே புல் தூள் தூளாகத் தெரியும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் போடும், அதனால் எண்ண வேண்டியதில்லை, தட்டில் வழக்கமாக எவ்வளவு பரவிக் கிடக்கும் என்பது கண்ணுக்குப் பழகிவிடும். அது குறைந்தாலோ, புழுக்கை சின்னதாகி, ஒல்லியாகி, கடுகடுவென்று காய்ந்து ஒரு முனை கூராகிவிட்டாலோ, உள்ளே வேகம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு மூன்று புழுக்கைகள் முடியால் கோத்துக்கொண்டு வந்தால் ரோமத்தை மெல்லுகிறதா என்று கவனிக்க வேண்டும்.

இதில் பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. சாப்பிட்டது புழுக்கையாக வெளியே வர ஏறக்குறைய அரை நாள் ஆகும். அதனால் சாயங்காலமே சாப்பாட்டை நிறுத்திவிட்ட சின்சில்லா மறுநாள் காலை வரைக்கும்கூடப் புழுக்கை போட்டுக்கொண்டிருக்கலாம். "புழுக்கை வருதே, அப்புறம் என்ன" என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். அந்தப் புழுக்கை நேற்றைய கதை. ஆகவே புழுக்கையோடு சேர்த்துப் புல் கூடையையும் பார்க்க வேண்டும். ராத்திரி நிறைத்து வைத்த கூடை காலையில் அப்படியே நிறைந்திருந்தால் அன்றைக்கே உஷாராக வேண்டும். இது ராத்திரிப் பிராணி, நாம் தூங்கும்போதுதான் சாப்பிடும், ஓடும், விளையாடும். பகலில் அது சும்மா உட்கார்ந்திருப்பதை வைத்து நன்றாக இருக்கிறதா இல்லையா என்று ஒன்றும் சொல்ல முடியாது. ராத்திரி 9, 10 மணிக்கு மேல் கதவைத் திறந்தும் வெளியே வராமல், பிடித்தமான ஒரு துண்டை நீட்டினாலும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால் அது கோளாறுதான்.

அடுத்தது தராசு. மாவு அளக்கும் சமையலறைத் தராசு போதும், ஒரு கிண்ணத்தையோ சின்னப் பெட்டியையோ அதன்மேல் வைத்து வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் எடை பார்த்துச் சுவரில் மாட்டிய காலண்டரிலேயே எழுதி வையுங்கள். வளர்ந்த சின்சில்லா பொதுவாக 400 முதல் 600 கிராம் இருக்கும். அந்தப் புசுபுசு ரோமத்துக்குள் எவ்வளவு மெலிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத்தான் தெரியும். 500 கிராம் இருந்தது 450-க்கு வந்திருந்தால் அது பத்தில் ஒரு பங்கு. வெளியே என்னதான் துறுதுறுவென்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

வலி இருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கத்தாது. காட்டில் மற்ற மிருகங்களுக்கு இரையாகிற பிராணி வலியை வெளியே காட்டாது. முதுகைக் கூனிக்கொண்டு உட்காரும், கண்ணைப் பாதி மூடிக்கொள்ளும், பல்லை நறநறவென்று கடிக்கும், வயிற்றைத் தரையோடு அழுத்தி நீட்டிப் படுக்கும், ஒரு பக்கம் படுத்து மறுபடி எழுந்து மறுபக்கம் படுக்கும். அந்தப் பல் கடிக்கும் சத்தம் ரொம்ப மெல்லியது. மின்விசிறி ஓடினால் கேட்காது, அதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

வயிறு உப்பிக்கொள்வதுதான் இருப்பதிலேயே அவசரம். குடல் மெதுவாகி நின்றுபோவதாவது ஒன்றிரண்டு நாளில் படிப்படியாக நடக்கும். உப்புசம் சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடக்கூடியது. சின்சில்லாவால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் உள்ளே சேர்ந்த காற்று மேல்வழியாக வெளியேற வழியில்லை. விலா எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தால் சாதாரணமாக மெத்தென்று இருக்கும் வயிறு மத்தளம் மாதிரி இறுகிப்போயிருக்கும், மூச்சு வேகமாகும், தரையில் புரளும், தொட்டால் விலகும். திடீரென்று நிறைய பச்சைக் காய்கறி தின்றதாலோ, பழம் தின்றதாலோ, தீனியை ஒரே நாளில் மாற்றியதாலோ வரும். குட்டி போட்டு இரண்டு மூன்று வாரம் ஆன தாய்க்கு உடம்பில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தும் வரலாம். இதற்கு வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. எந்த நேரமாக இருந்தாலும் கிளம்ப வேண்டியதுதான். வாயில் எதையும் ஊட்டவும் கூடாது, உப்பிய வயிற்றுக்குள் மேலும் தள்ளினால் நிலைமை மோசமாகும்.

நம் வீடுகளில் இந்த இடத்தில்தான் அஞ்சறைப்பெட்டி திறக்கும், அதனால் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஓமத் தண்ணீர் வேண்டாம். கிரைப் வாட்டர் வேண்டாம். தயிர், மோர் வேண்டவே வேண்டாம், பால் சர்க்கரையைச் செரிக்க அந்தக் குடலுக்குத் தெரியாது. விளக்கெண்ணெய் வேண்டாம். தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்கும் வயிற்று உப்புகள் இருக்கின்றனவே, அவை வயிற்றுக்குள்ளும் காற்றைத்தான் உண்டாக்கும், வாந்தியே எடுக்க முடியாத பிராணிக்கு அதைக் கொடுப்பது நினைக்கவே பயமாக இருக்கிறது. பப்பாளி, அன்னாசிச் சாறு கொடுத்தால் குடலில் இருக்கும் முடி கரையும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. முடி அதில் கரையாது, சாற்றில் உள்ள சர்க்கரை மட்டும் குடலுக்குப் போய்ச் சேரும். கைக்குழந்தைக்குத் தடவுவது போலப் பெருங்காயத்தைக் குழைத்து வயிற்றில் தடவினால் ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும், அதையும் நக்கி உள்ளே அனுப்பும். பாட்டியின் அக்கறை உண்மையானது, கைப்பக்குவமும் பெரியது, ஆனால் அவை மனித வயிற்றுக்காகச் சேர்த்து வைத்த அறிவு.

இதைவிட ஆபத்தானது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக். பிள்ளைக்குத் தொண்டை வலிக்காகக் கொடுத்த அமாக்சிசிலின் பாட்டிலில் பாதி இருக்கும், "ரெண்டு சொட்டுதானே" என்று கொடுத்துவிடுவார்கள். பென்சிலின் வகை மருந்துகள், அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் இவற்றையெல்லாம் சின்சில்லாவுக்கு வாய் வழியாகக் கொடுக்கக் கூடாது. குருட்டுக்குடலில் புல்லை நொதிக்க வைக்கும் நல்ல நுண்ணுயிர்களை இவை கொன்றுவிடும். அந்த இடத்தைக் கிளாஸ்ட்ரிடியம் போன்ற கெட்டவை பிடித்துக்கொண்டு நஞ்சைக் கக்கும். வயிற்றுப்போக்கு வந்து சில நாளில் உயிர் போய்விடும். சின்சில்லாவுக்கு ஆன்டிபயாட்டிக்கே ஆகாது என்று இதற்கு அர்த்தமில்லை. அதற்குப் பொருந்தும் வேறு மருந்துகள் இருக்கின்றன, தேவைப்பட்டால் மருத்துவர் எழுதுவார். நாய், பூனை மட்டுமே பார்த்துப் பழகிய மருத்துவரிடம் போக நேர்ந்தால், மருந்தின் பெயரைக் கேட்டு, "இது சின்சில்லாவுக்கு வாய்வழியாகக் கொடுக்கலாமா டாக்டர்?" என்று மரியாதையாக ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வயிற்றுக் கோளாறு என்று நாம் நினைப்பதில் நிறைய, வாயில் ஆரம்பிப்பது. சின்சில்லாவின் 20 பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், முன்பல் மட்டுமில்லை, உள்ளே தெரியாமல் இருக்கும் கடைவாய்ப் பற்களும்தான். காய்ந்த புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். கடையில் சிறு துண்டுகளாக அழுத்தி விற்கும் பெல்லட் தீனியைக் கடித்து நொறுக்கினால் போதும், அதிகம் அரைக்க வேண்டியதில்லை. அதனால் பெல்லட்டிலேயே வயிறு நிறைந்த சின்சில்லாவின் கடைவாய்ப் பல் தேயாமல் நீண்டு நாக்கையோ கன்னத்தையோ குத்தும், வேர் பின்பக்கமாகவும் நீண்டு தாடையையும் கண்ணையும் அழுத்தும். முதல் அடையாளம் என்ன தெரியுமா, புல்லை விட்டுவிட்டு மெத்தென்ற தீனியாகப் பொறுக்கும். அப்புறம் ஒரு துண்டை எடுக்கும், கொஞ்சம் மென்று கீழே போட்டுவிடும். மோவாய்க்குக் கீழே ரோமம் ஈரமாக, திரிதிரியாக ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னங்கால் உட்புறமும் ஈரமாக இருக்கும், அதால்தான் வாயைத் துடைத்திருக்கும். ஒரு கண்ணில் மட்டும் நீர் வடியும். இதில் எதைப் பார்த்தாலும் வயிற்று மருந்து கேட்டுப் போகாதீர்கள், பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைவாய்ப் பல்லைச் சரியாகப் பார்க்க மயக்க மருந்தும் மண்டை எக்ஸ்ரேயும் தேவைப்படலாம். செலவாகும். ஆனால் அதைப் பார்க்காமல் குடலுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் கோளாறு திரும்பத் திரும்ப வரும். முன்பல் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் இருப்பது இயல்பு, அதைக் கறை என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

வயிறு இளகிப்போவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புழுக்கை கொஞ்சம் மெத்தென்று வந்தால் அன்றைக்குத் தின்பண்டம், காய்கறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் புல்லும் தண்ணீரும் மட்டும் வைக்கலாம், ஒரு நாளில் கெட்டியாக வேண்டும். ஆகாவிட்டாலும், நீராகப் போனாலும், பின்பக்கம் நாற்றமாக ஒட்டிக்கொண்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். குட்டி என்றால் அந்த ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது, சீக்கிரம் வற்றிப்போகும். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியும் காரணமாக இருக்கலாம், புழுக்கையைப் பரிசோதித்தால் தெரியும், நமக்கும் தொற்றலாம் என்பதால் கூண்டைத் தொட்டபின் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முக்கி முக்கிக் குடலின் முனை வெளியே வந்துவிட்டால், சிவப்பாகத் தெரியும், சுத்தமான உப்பு நீரில் நனைத்த துணியால் ஈரமாக மூடிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குத்தான். உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள்.

இனி, ஒரு ராத்திரி 11 மணிக்கு "இது சரியில்லையே" என்று தோன்றினால் என்ன செய்வது? முதலில் எடை பாருங்கள். வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர்ப் பாட்டிலின் முனையில் இருக்கும் உருண்டையை விரலால் அழுத்திப் பாருங்கள், அது சிக்கிக்கொண்டு தண்ணீரே வராமல் இருந்திருக்கலாம், தண்ணீர் குடிக்காத சின்சில்லா புல்லையும் தொடாது. அறையில் வெப்பம் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு சின்சில்லாக்கள் ஒரே கூண்டில் இருந்தால் எது புழுக்கை போடுகிறது, எது போடவில்லை என்று தெரியாது, நடுவில் ஒரு கம்பித் தடுப்பு வைத்துப் பிரித்து வைக்கலாம், ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தால் பயப்படாது. அப்புறம் மருத்துவமனைக்கு ஃபோன் செய்து, எப்போதிலிருந்து சாப்பிடவில்லை, புழுக்கை எப்படி, எடை எவ்வளவு, வயிறு இறுகியிருக்கிறதா இல்லையா என்று நான்கையும் சொல்லுங்கள். அரை நாளாகச் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டிய நோயாளி அது.

வயிறு உப்பவில்லை, அடைப்பும் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்னபின்தான் கையால் ஊட்டுவது. புல் தின்னும் பிராணிகளுக்கென்றே கிரிட்டிக்கல் கேர் மாதிரி நார்ச்சத்து மாவு விற்கிறது, ஒரு பொட்டலம் எப்போதும் வீட்டில் இருக்கட்டும், காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாத நேரத்தில் வழக்கமாகத் தின்னும் பெல்லட்டையே வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்துக் குழைத்துக்கொள்ளலாம். ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச்தான் கைக்கு வாகானது. துண்டில் தளர்வாகச் சுற்றி மடியில் உட்கார வையுங்கள், நான்கு காலும் கீழே ஊன்றியிருக்க வேண்டும், மல்லாக்கப் போடவே கூடாது, தலையைப் பின்னால் சாய்க்கவும் கூடாது. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பக்கவாட்டில் ஒரு இடைவெளி உண்டு, அதன் வழியாக முனையை நுழைத்து ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, அது மென்று விழுங்குவது தாடை அசைவில் தெரியும், விழுங்கிய பிறகு அடுத்தது. அவசரப்பட்டு அழுத்தினால் நுரையீரலுக்குள் போய்விடும். 500 கிராம் எடையுள்ள சின்சில்லாவுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 25 முதல் 40 மில்லி வரை, அதை நான்கைந்து வேளையாகப் பிரித்து, என்பது பொதுவான கணக்கு, உங்கள் மருத்துவர் சொல்லும் அளவே கடைசி அளவு. ஒரு கையால் முகவாயைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ஊட்டும்போது முதல் இரண்டு வேளை துப்பும், தலையைத் திருப்பும், உங்கள் சட்டையெல்லாம் பச்சையாகும். மூன்றாவது நான்காவது வேளையில் அதுவே சிரிஞ்சைப் பல்லால் பிடித்து இழுக்கத் தொடங்கினால், கோளாறு குணமாகிறது என்று தாராளமாகச் சந்தோஷப்படலாம். பிடிக்கும்போது ரோமத்தைக் கொத்தாகப் பிடிக்காதீர்கள், பயத்தில் அப்படியே உதிர்த்துவிடும்.

மருத்துவமனையில் பொதுவாக வலிக்கு மருந்து கொடுப்பார்கள், தோலுக்கடியில் திரவம் ஏற்றுவார்கள், எக்ஸ்ரே எடுத்து அடைப்பு இல்லை என்று பார்த்தபின் குடலை ஓட வைக்கும் மருந்தும் கொடுக்கலாம். வலி மருந்தை வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். வலி அடங்கினால்தான் அது வாயைத் திறக்கும்.

கொண்டுபோவதிலும் ஒரு சிக்கல். எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் செல்லப்பிராணியை ஏற்ற முடியாது, வாடகை கார்தான், அதிலும் பிராணியை ஏற்றிக்கொள்ளும் கார் என்று கேட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். பகலில் வெளியே 31, 32 டிகிரி. சின்சில்லாவுக்கு 27 டிகிரிக்கு மேலே போனாலே உயிருக்கு ஆபத்து, நம் ஊர் ஈரப்பதத்தில் அதற்குக் கீழேயும் திணறும். பெட்டிக்குள் அதன் புல்லையே கொஞ்சம் போட்டு, குளிர்ந்த ஜெல் பொட்டலத்தைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். கீழே காருக்காகக் காத்திருக்கும்போது வெயில் படாமல் நில்லுங்கள். அன்றைய புழுக்கையைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

வெப்பம் என்றதும் இன்னொன்று. மின்கட்டணம் பார்த்து ராத்திரி மட்டும் ஏர்கான் போடுவது, பகலில் அணைப்பது என்று சில வீடுகளில் செய்கிறார்கள். சூடு ஏறினால் அது முதலில் நிறுத்துவது சாப்பாட்டைத்தான், அங்கிருந்து நேராகக் குடல் கோளாறு. காது சிவந்து சூடாக இருந்தால் ஏற்கெனவே அதிகம் என்று அர்த்தம். ஏர்கான் ஓடாத வீட்டில் சின்சில்லா வேண்டாம், இதில் சமரசத்துக்கு இடமில்லை என்பது என் அபிப்பிராயம். இதே ஈரப்பதத்தில் புல்லும் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். பெரிய பொட்டலமாக வாங்கிச் சமையலறை மூலையில் வைக்காதீர்கள், சின்னதாக வாங்குங்கள், முகர்ந்து பாருங்கள், மக்கிய வாசனை வந்தால் தூக்கிப் போடுங்கள். விலைதான் அதிகம், பரவாயில்லை.

வயிறு கெடாமல் பார்த்துக்கொள்ள என்ன கொடுக்க வேண்டும் என்பது ரொம்பச் சின்ன விஷயம். திமோத்தி என்ற காய்ந்த புல் எப்போதும் கூடை நிறைய. பெல்லட் ஒரு நாளைக்கு 1 அல்லது 2 மேசைக்கரண்டி. தண்ணீர். அல்ஃபால்ஃபா (குதிரைமசால்) தீனியை வளர்ந்த சின்சில்லாவுக்குத் தினமும் போட வேண்டாம், அதில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அதிகம். உலர் திராட்சை, கொட்டைகள், சூரியகாந்தி விதை, ரொட்டி, பிஸ்கட், முறுக்கு எதுவும் கிடையாது. திராட்சை தொண்டையில் சிக்கியும் கொள்ளும். தீனியின் பிராண்டை மாற்ற வேண்டியிருந்தால் பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பிராணியை ஒப்படைக்கும் வீட்டில் ஏர்கான் உண்டா என்று கேளுங்கள், திரும்பி வரும் வரைக்கும் போதுமான அதே புல்லையும் அதே பெல்லட்டையும் கொடுத்துவிட்டுப் போங்கள், கடையில் கிடைத்ததை வாங்கிப் போடட்டும் என்று விடாதீர்கள். அந்த வீட்டுக் குழந்தைகளிடம் பழம் ஊட்டக் கூடாது என்று நேரிலேயே சொல்லுங்கள், பெரியவர்களிடமும்தான். கடைசியாக எடுத்த எடையை எழுதிக் கொடுங்கள். நல்ல புழுக்கை எப்படி இருக்கும் என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். முக்கியமாக, நீங்கள் மதுரையிலோ தஞ்சாவூரிலோ கல்யாண வீட்டில் இருக்கும்போது அவர்கள் உங்களைக் கேட்டுத்தான் மருத்துவரிடம் போக வேண்டும் என்ற நிலைமை வேண்டாம். "சாப்பிடலைன்னா உடனே கூட்டிட்டுப் போங்க, பணத்தை நான் தர்றேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ராத்திரி அவசரச் சிகிச்சைக்குச் சில நூறு வெள்ளி ஆகும், இன்னொருவர் பிராணிக்காக அவ்வளவு செலவு செய்ய யாரும் தயங்கத்தான் செய்வார்கள்.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. எல்லா விலங்கு மருத்துவமனையிலும் சின்சில்லா பார்ப்பதில்லை. பகலில் பார்க்கும் இடங்களிலும் ராத்திரிப் பணியில் இருப்பவர் நாய், பூனை மட்டும் பார்ப்பவராக இருக்கலாம். விடுமுறை தொடங்கும் முன்பு, சின்னப் பிராணிகளை ராத்திரியிலும் பார்க்கும் மருத்துவமனைகள் எவை என்று விசாரித்து உங்கள் நாளிதழில் ஒரு பட்டியல் போட்டால் தமிழ் வாசிக்கும் பெரியவர்கள் பலருக்கு உதவியாக இருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கும் பெற்றோர் வேலைக்கும் போன பிறகு வீட்டில் அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான். அது வரும் வரை, சின்சில்லா வளர்க்கும் வாசகர்கள் இந்த வாரமே தங்கள் மருத்துவமனைக்கு ஃபோன் செய்து, ராத்திரி 2 மணிக்குக் கொண்டுவந்தால் சின்சில்லா பார்க்கத் தெரிந்த மருத்துவர் இருப்பாரா என்று கேட்டு, இல்லை என்றால் எங்கே போவது என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
செங்காங் வாசகர் ஒருவர்